கணினிக்கூடம் திறந்த நாவலாசிரியர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், நான் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஆரணிக் கல்லூரிக்கு ஜப்பானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியர், நாவலும் எழுதுகிறவர். அடுத்த நாவலில் பட்டு நெய்கிற ஓர் ஊர் வருகிறது, சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத ஊராக அது இருக்க வேண்டும், வரைபடத்தில் தேடியதில் ஆரணி கிடைத்தது, மூன்று மாதம் தங்கிப் பார்க்க யாராவது உதவ முடியுமா என்று கேட்டிருந்தார். இங்கே யாரும் வருவதில்லை என்பதற்காகவே ஒருவர் வர விரும்பியது எங்கள் ஊர் வரலாற்றில் அதுதான் முதல் முறை.

தாளாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கல்லூரி ஆரம்பிப்பதற்கு முன்னால் பட்டுக்கடை வைத்தவர், அதற்கும் முன்னால் அரிசி மண்டி வைத்தவர். மூன்றையும் ஒரே குரலில் நடத்தினார்.

"இன்னா மேடம், ஜப்பான்ல இலக்கியம்லாம் கீதா?"

"இருக்குங்க சார்."

"கார் பண்றாங்க, டிவி பண்றாங்க. இத்த எப்ப பண்றாங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"வரட்டும். நம்ம கடைக்கு மேல ரூம் சும்மாதான் கீது, அங்க தங்கிக்கட்டும். கூட்டிகினு சுத்தற வேல உங்களுது. இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட்ல அப்பிடி இன்னா வேல கீது?"

பேராசிரியர் வருகிற நாளில் சென்னை விமான நிலையத்துக்கு மாலை, பெயர்ப்பலகை, இரண்டு விரிவுரையாளர்கள் சகிதம் ஒரு கார் போனது. மதியம் மூன்று மணிக்கு அட்டெண்டர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"மேடம், நேபாள்காரர் ஒருத்தர் ஆபீசுல குந்திகினு கீறாரு. ஸ்வெட்டர் விக்க வந்தவராட்டம் கீது. போவச் சொன்னா சிரிக்கிறாரு."

போய்ப் பார்த்தேன். அறுபதை நெருங்குகிற ஒல்லியான மனிதர், மடியில் ஒரு துணிப்பை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதல்நாளே வந்திறங்கி, ரயிலில் காட்பாடிக்கும், அங்கிருந்து வேலூர் போய்க் கண்ணமங்கலம் வழியாக வருகிற பஸ்ஸில் ஆரணிக்கும் வந்து சேர்ந்திருந்தார். கண்ணமங்கலத்தில் யாரோ ஒரு அம்மா மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த கோழியை இறங்கும்வரை வைத்திருந்தாராம். அதைத்தான் முதலில் சொன்னார். மாலையோடு போன கார் மறுநாள் காலை திரும்பி வந்தது. மாலையை வீணாக்க மனமில்லாமல், வாடிப்போனதையே அவர் கழுத்தில் போட்டுப் படம் எடுத்தார்கள்.

அந்த வாரமே அவரை வைத்துக் கணினிக்கூடம் திறப்பது என்று தாளாளர் முடிவு செய்தார். நான்கு கணினிகள் வந்து மாதக்கணக்கில் உறையோடு கிடந்தன. அழைப்பிதழில் 'ஜப்பான் நாட்டு அறிஞர்' என்று அச்சாகியிருந்தது. எதில் அறிஞர் என்று போடவில்லை.

"சார், அவரு பென்சில்ல எழுதறவரு. இந்த மிஷினத் தொட்டதுகூட இல்லைனு சொல்றாரு," என்றேன்.

"யாரு மேடம் கேக்கப் போறாங்க? மூஞ்சியப் பாத்தாலே கம்ப்யூட்டர் தெரியும்னு தெரியுது."

பேராசிரியர் ரிப்பனை வெட்டினார். ஒலிபெருக்கி முன்னால் நின்று, மெதுவான ஆங்கிலத்தில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எனக்கு இடம்விட்டுப் பேசினார்.

"நான் இந்த இயந்திரத்தைத் தொட்டதில்லை. இந்தக் கத்தரிக்கோலைப் பிடிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது," என்றார்.

எதிரே முன்னூறு மாணவர்கள். முதல் வரிசையில் தாளாளர், அவர் சம்பந்தி, நகராட்சிக்காரர்கள். நான் எட்டு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர்.

"எதிர்காலம் கணினியில்தான் இருக்கிறது என்கிறார்," என்றேன். கைதட்டல் எழுந்தது.

அவர் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "என் நாவலில் ஒரு முதியவர் சாக வேண்டும். எங்கே என்று தெரியவில்லை. அதைத் தேடித்தான் வந்தேன்," என்றார்.

"நீங்கள் எல்லோரும் பெரிய இடங்களுக்கு வர வேண்டும் என்று வாழ்த்துகிறார்."

மறுபடி கைதட்டல். அவர் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார். தன் எந்த வாக்கியத்துக்கும் இதுவரை இவ்வளவு பெரிய கைதட்டல் கிடைத்ததில்லை என்று அன்று மாலை சொன்னார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

அடுத்துத் தமிழ்த்துறைத் தலைவர் வந்தார். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று எங்கோ படித்துவிட்டு, இருநூறு சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பேராசிரியரை எதிரே உட்கார வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் பேராசிரியர் தலையை ஆட்டி 'ஹாய்' என்றார். நீங்கள் பேசுவது காதில் விழுகிறது என்பதற்கு ஜப்பானில் அப்படிச் சொல்வார்கள். இது எனக்குத் தெரியும், பேராசிரியரே சொல்லியிருந்தார். தலைவருக்கு நான் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு ஹாய்க்கும் ஒரு சரி போட்டுக்கொண்டே போனார். ஒன்றரை மணி நேரத்தில் இருநூறும் நிரூபணமாகிவிட்டது. அந்தக் கட்டுரை பிறகு கல்லூரி மலரில் வந்தது.

பேராசிரியருக்கு வேண்டியது தறிகள். ஆரணியில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்தத் தெருவில் நடந்தாலும் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். ஆனால் நான் அவரை நேராக என் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நெசவுக் குடும்பத்திலிருந்து வந்தவள் என்பதைக் கல்லூரியில் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆங்கில இலக்கியத்தோடு அது சேராது என்று நினைத்திருந்தேன். பேராசிரியரிடமும் சொல்லவில்லை. "இவர் ஒரு நெசவாளர்," என்று மட்டும் அறிமுகம் செய்தேன்.

சித்தப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். கயிற்றை இழுக்க, நூல் சுற்றிய நாடாக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. பேராசிரியர் ஒரு மணி நேரம் ஒன்றுமே கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நெய்யும்போது மனதில் என்ன ஓடும்?

நான் கேட்டேன். சித்தப்பா யோசிக்கவே இல்லை.

"இன்னா ஓடும்? டீ எப்ப வரும்னு பாத்துகினு இருப்பன்."

"நூலும் மனமும் ஒன்றாகிவிடும், தெய்வத்தைத் தவிர வேறு நினைவிருக்காது என்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உருண்டையான நல்ல வாக்கியம். சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது.

சித்தப்பா நாடாவை நிறுத்தினார். "இன்னாம்மா, நா ரெண்டு வார்த்த சொன்னா நீ ரெண்டு பக்கம் ஒப்பிக்கிற?"

"ஒண்ணுமில்ல, நீ நெய்யி சித்தப்பா."

பேராசிரியர் நோட்டிலிருந்து நிமிர்ந்தார். "அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள்?"

"மூத்த நெசவாளர்களை மரியாதையாக அப்படி அழைப்பது வழக்கம்," என்றேன்.

எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை போனோம். சித்தப்பா பவர்கட்டைப் பற்றியும் முதுகு வலியைப் பற்றியும், ஜரிகை அனுப்பாமல் பேஜார் பண்ணுகிற கடைக்காரரைப் பற்றியும் பேசினார். என் மொழிபெயர்ப்பில் அவர் ஒரு துறவியாக வளர்ந்துகொண்டே போனார்.

பேராசிரியர் தன்னைப் பற்றிச் சொன்னது தேவிகாபுரம் போன அன்று. கோயில் பார்த்துவிட்டுத் திரும்புகையில் பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. வேறு பஸ் வரும்வரை ஒரு டீக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். அப்பா பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கிற ஆலை வைத்திருந்தார். போர்க்காலத்தில் அந்த நூல் பாராசூட்டுக்குப் போனது. ஆலைக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது, வானத்திலிருந்து குதிக்கிறவர்கள் எல்லோரும் தன் அப்பாவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாராம். போர் தோற்றது. நைலான் வந்தது. ஆலையை மூடிவிட்டு அப்பா, இனி ஆங்கிலம் தெரிந்தவன்தான் பிழைப்பான் என்று மகனைக் கல்லூரிக்கு அனுப்பினார். மகன் ஆங்கிலம் படித்தார், பிழைப்புக்கு உதவாத பகுதியாகப் பார்த்து. இருபத்தெட்டு வயதில் முதல் நாவல். ஒரு சின்னப் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைக் காட்டிப் பல்கலைக்கழக வேலை வாங்கினார். வேலை கிடைத்ததும் யாரும் நாவலைப் பற்றிக் கேட்கவில்லை.

"பேராசிரியர்களுக்கு நடுவில் என்னை நாவலாசிரியர் என்பார்கள். அது வசவு. நாவலாசிரியர்களுக்கு நடுவில் பேராசிரியர் என்பார்கள். அதுவும் வசவு," என்றார்.

"இப்போது எழுதுகிறது எத்தனையாவது நாவல்?"

"பன்னிரண்டாவது. வாசகர்கள் நான்கு பேர். ஒருவர் என் மனைவி. ஆறாவது நாவலோடு நிறுத்திக்கொண்டாள். இப்போது மூன்று."

ஒரே ஆங்கில நாவலை முப்பது வருடமாக வகுப்பில் நடத்திவந்தார். அதன் கடைசி அத்தியாயம்வரை மாணவர்கள் யாரும் விழித்திருந்ததில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் வகுப்பில் இரண்டாவது அத்தியாயமே தாண்டுவதில்லை. அதை அவரிடம் சொன்னேன். அந்த மூன்று மாதத்தில் நான் அவரிடம் சொன்ன சில உண்மைகளில் அது ஒன்று.

இதற்கிடையில் ஊர் அவரை விடவில்லை. லயன்ஸ் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார்கள், வெம்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் ஓட்டப்பந்தயத்துக்கு விசில் ஊதச் சொன்னார்கள். பட்டுக்கடைக்கு வருகிறவர்களிடம் தாளாளரின் மகன், "நம்ம பொடவ டிசைன் பாக்கறதுக்கே ஜப்பான்லேர்ந்து ஆள் வந்து மேல தங்கிகினு கீறாரு," என்று மாடியைக் காட்டுவான். பேராசிரியர் படியிறங்கி வந்தால் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் எழுந்து நிற்பார்கள்.

கிளம்புகிற நாள் காலையில், சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார். போனோம். சித்தப்பா தறியில் இருந்தார். பேராசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், குனிந்து வணங்கி, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"சித்தப்பா, டீ வந்துச்சா?"

சுத்தமான ஆரணித் தமிழ். சித்தப்பா கயிற்றை விட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இன்னும் வர்ல சார். வந்துகினே கீது," என்றார். பேராசிரியரும் சிரித்தார். உள்ளேயிருந்து சித்தி இரண்டு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேலை தரவில்லை.

கடை மாடியில் தங்கியவர் கீழே புடவை மடிக்கிற பையன்களிடம் தினமும் பத்து வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறார். சித்தப்பா என்றால் என்ன என்பது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவராக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். வெயில் அதிகம் என்றார். ஏறி உட்கார்ந்ததும், "உங்கள் சித்தப்பாவுக்கு முதுகு வலிக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள்," என்றார். பஸ் போய்விட்டது.

புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை வரும், நானும் அனுப்புவேன். இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு வருடம் அட்டைக்குப் பதில் நீண்ட கடிதம் வந்தது. நாவல் வெளிவந்துவிட்டதாம். அவர் ஓய்வு பெற்ற அதே ஆண்டு. பெரிய பரிசு கிடைத்திருக்கிறது. அதுவரை கண்டுகொள்ளாத பல்கலைக்கழகம், விடைகொடுத்து அனுப்பிய மூன்றாவது மாதம் திரும்பக் கூப்பிட்டுக் கௌரவப் பேராசிரியர் ஆக்கியது. உடன் வேலை பார்த்தவர்கள், இந்த மனிதர் நாவல் எழுதுவார் என்று எங்களுக்கு எப்போதோ தெரியும் என்று பத்திரிகைகளில் சொன்னார்களாம். அது ஒரு வகையில் சரிதான், தெரிந்ததால்தானே திட்டினார்கள் என்று எழுதியிருந்தார்.

மேலும் இரண்டு வருடம் கழித்து ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. எனக்கு ஒரு பிரதி அனுப்பினார். உட்கார்ந்த இடத்தில் படித்து முடித்தேன்.

கதை இதுதான். பட்டாலையை இழந்த ஒரு ஜப்பானிய முதியவர், யாருக்கும் தெரியாத ஊரில் அமைதியாகச் செத்துப்போவோம் என்று தென்னிந்தியாவின் ஒரு சிறிய பட்டு ஊருக்கு வருகிறார். ஊர் அவரைச் சாகவிடுவதில்லை. தினம் ஒரு விழாவுக்குக் கூப்பிடுகிறது. வேண்டிக்கொள்கிறது, மாலை போடுகிறது, ரிப்பன் வெட்டச் சொல்கிறது. ஒரே அறையை வேறு வேறு ரிப்பனோடு மூன்று முறை திறந்துவைக்கிற ஒரு கல்லூரி அதிபர் வருகிறார். எதைக் கேட்டாலும் அது தன் மொழியிலிருந்து போனது என்கிற பண்டிதர் ஒருவர் வருகிறார். ஒரு மொழிபெயர்ப்பாளரும் வருகிறாள். அவளுக்கு உண்மை தெரியும், ஆனால் அது அவளுக்குப் போதுமான அளவு அழகாகத் தெரிவதில்லை. ஆகவே ஊரில் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் போய்ச் சேருவதே இல்லை, எல்லோரும் திருப்தியாக இருக்கிறார்கள். அந்த வரியில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

தாளாளருக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. அதற்குள் ஃப்ளெக்ஸ் பேனர் காலம் வந்துவிட்டது. 'நமது கல்லூரியில் கணினிக்கூடம் திறந்த உலகப் புகழ் எழுத்தாளருக்கு வாழ்த்து' என்று காந்தி சாலையில் பேனர் எழுந்தது. வாடிய மாலையோடு எடுத்த அந்தப் பழைய படம், பத்தடி உயரத்தில்.

"ஒரு பாராட்டு விழா வெச்சிரலாம் மேடம். நம்மளப் பத்தி இன்னா எழுதிகிறாருனு நீங்க தமிழ்ல படிங்க. ஜல்தியா ரெடி பண்ணுங்க," என்றார்.

இந்த முறை ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் அப்போது நிரந்தர விரிவுரையாளர், துறைத் தலைவரும்கூட. தைரியத்துக்கு அதுவும் ஒரு காரணம். நான்கு பகுதிகளை உள்ளபடி மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு மேடையேறினேன்.

முதலில் கல்லூரி அதிபர் பகுதி. மண்டபத்தில் முதலில் சிரித்தது மேடையில் உட்கார்ந்திருந்த தாளாளர். தொடையில் தட்டிச் சிரித்தார். பக்கத்திலிருந்த சம்பந்தியிடம், "பக்கத்து ஊர் காலேஜ்காரன இன்னா வாங்கு வாங்கிகிறாரு பாத்தியா," என்றது ஒலிபெருக்கியில் விழுந்தது. அடுத்துப் பண்டிதர். ஓய்வு பெற்றிருந்த தமிழ்த்துறைத் தலைவர் எழுந்து நின்று கூட்டத்தை வணங்கினார். தன் ஆய்வை ஜப்பானே நாவல் வடிவில் ஏற்றுக்கொண்டதாகப் பிறகு பேசினார். ஊரைப் பற்றிய பகுதியை லயன்ஸ்காரர்கள் வேலூரைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் மொழிபெயர்ப்பாளர் பகுதி. முதல் வரியை முடிப்பதற்குள் மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. முன்னூறு பேருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் சித்தப்பாதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார்.

விழா முடிந்ததும் தாளாளர் என் பக்கம் வந்து, "உங்கள மட்டும் அப்பிடி எழுதிகிறாரே மேடம், மனசுல வெச்சிக்காதீங்க," என்று ஆறுதல் சொன்னார்.

நடந்ததை அப்படியே பேராசிரியருக்கு எழுதினேன், முதல் நாள் ரிப்பனிலிருந்து நான் என்னென்ன மாற்றிச் சொன்னேன் என்பதையும் சேர்த்து. பதில் வந்தது. நான் மாற்றிச் சொன்ன வாக்கியங்களின் அசல் எதுவும் தனக்கு நினைவில்லை, என்னுடையவை மட்டும்தான் நினைவிருக்கின்றன, அதற்காகக் கொஞ்சம் பொறாமைப்படுவதாகவும் எழுதியிருந்தார். மன்னித்தாரா குத்தினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு இன்னொரு நாவல் எழுதினார். பதின்மூன்றாவது. பரிசு பெற்றவர் என்று நம்பி ஏராளமானவர்கள் வாங்கினார்கள், யாரும் முடிக்கவில்லை என்று சந்தோஷமாகவே தெரிவித்தார். பிறகு மனைவி இறந்துபோனார். கடிதங்களில் கையெழுத்து சாய ஆரம்பித்தது. ஒரு புத்தாண்டுக்கு அட்டை வரவில்லை. மார்ச்சில் அவர் மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் பல் மருத்துவர். அப்பா குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், விழா எதுவும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார் என்று தெரிவித்திருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி. "அப்பாவின் நாவல் எதையும் நான் படித்ததில்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?"

பதின்மூன்றில் ஒன்றுதான் ஆங்கிலத்தில் வந்திருந்தது, அது ஒன்றைத்தான் நானும் படித்திருந்தேன். பெரிதாக ஏதாவது எழுதிவிடலாம் என்று கை போனது. அடித்துவிட்டு, "எனக்குத் தெரியாது. முதல் நாவலிலிருந்து ஆரம்பியுங்கள். எப்படி இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்," என்று அனுப்பினேன்.

எழுதுகிறாள். மின்னஞ்சலில், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு நாவல் வீதம். முதல் நாவலுக்குப் பரிசு கொடுத்தவர்கள் பாதிவரைதான் படித்திருப்பார்கள் என்றாள். நான்காவதில் எண்பது பக்கத்துக்கு ஒன்றும் நடப்பதில்லையாம், அப்பா சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான் என்றாள். ஆறாவதைப் படித்ததும், அம்மா ஏன் நிறுத்திக்கொண்டாள் என்று புரிந்தது, அதில் அவளைப் போலவே ஒரு பெண் வருகிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுதினாள். போன வாரம் ஏழாவதைப் பற்றி வந்தது. அதில் ஒரு மீன் வருகிறதாம். மனிதர்கள் எல்லாம் சுமார், மீன் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.